ஒன்றரை மணி நேரம், பத்தொன்பது துண்டுகள்

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 32 வயது. வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், வேலை பாண்டியில். ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடையில் பில் போட்டு, கணக்கு எழுதுகிறேன். எட்டு மாதமாக ஒரு பிரௌசர் கேம் ஆடுகிறேன். கிராமம் கட்டி, படை சேர்த்து, கூட்டணியாகச் சண்டை போடும் ஆட்டம். மனைவி பிரசவத்துக்குப் பண்ருட்டியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது ஆரம்பித்தது. எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம்தான் வரும். சீரியல் பார்க்கிறவர்கள் இதைவிட அதிகம் பார்க்கிறார்கள். ஆனால் மனைவி, "நாள் முழுக்க அதுலயே இருக்கீங்க" என்கிறார். சர்வரில் எதிர்க் கூட்டணி பெரும்பாலும் ஐரோப்பாக்காரர்கள். ராத்திரியில்தான் அட்டாக் வரும். அதனால் 2.30க்கும் 5 மணிக்கும் அலாரம் வைத்து எழுந்து பார்க்கிறேன். ஏழு மாதப் பெண் குழந்தை இருக்கிறாள். "புள்ள அழுதா எழுந்திருக்க மாட்டேங்கறீங்க, போன் அடிச்சா எழுந்திருக்கறீங்க" என்று போன வாரம் சொல்லி அழுதுவிட்டார். போன மாதம் கடையில் 1 பெட்டிக்கு 10 பெட்டி என்று பில் அடித்துவிட்டேன். இந்த ரவுண்டு முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. கூட்டணியில் 40 பேர், டிஃபென்ஸ் பொறுப்பு என்னிடம். நடுவில் விட்டால் துரோகம் இல்லையா? நான் அடிமையாகிவிட்டேனா? ஒரு நாளில் நான் உள்ளே போகும் நேரங்களை மறைக்காமல் எழுதி இணைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, உங்களுடைய ஒன்றரை மணி நேரக் கணக்கை நம்புகிறேன். உங்கள் மனைவி சொல்வதையும் நம்புகிறேன். நீங்கள் திரையைப் பார்த்த நிமிடங்களைக் கூட்டுகிறீர்கள். அவர், நீங்கள் முழுசாகத் தன்னோடு இருந்த நேரத்தைத் தேடுகிறார். இரண்டு கணக்கும் சரிதான்.

நீங்கள் இணைத்த பட்டியலைப் பேனா எடுத்து எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது முறை. ஒரு முறைக்கு ஐந்து நிமிடம் என்றால் 95 நிமிடம். உங்கள் ஒன்றரை மணி நேரத்துக்குச் சரியாக வருகிறது. இரவின் இரண்டு அலாரத்தைத் தள்ளிவிட்டால் விழித்திருக்கும் 17 மணி நேரத்தில் 17 முறை. மணிக்கு ஒரு தடவை. காலை 6.20 கழிவறையில், 7.05 இட்லி தட்டுக்குப் பக்கத்தில், 8.20 கிருமாம்பாக்கம் தாண்டும்போது பேருந்தில், 10.15 கடையில் பில் மெஷினுக்குப் பின்னால்... இப்படியே இரவு 11.10 வரைக்கும். நீங்கள் சீரியலோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். சீரியல் ஒரு இடத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு விட்டுவிடும். உங்கள் ஆட்டம் ஒவ்வொரு மணி நேரத்திலும் ஒரு கை வைத்திருக்கிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் நின்று பேசுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். பேசுவார், சிரிப்பார், காது மட்டும் உள்ளேயே இருக்கும். நீங்கள் எட்டு மாதமாக அப்படித்தான் நிற்கிறீர்கள்.

இது உங்கள் பலவீனம் மட்டும் இல்லை, அந்த ஆட்டத்தின் வேலைப்பாடே அப்படி. இந்த வகையில் பெயர்பெற்ற சில ஆட்டங்கள் ஜெர்மனியில் பிறந்தவை. 2002இல் ஓகேம், 2003இல் ட்ரைபல் வார்ஸ், 2004இல் ட்ராவியன். எல்லாவற்றிலும் கடிகாரம் நிஜக் கடிகாரம்தான். நீங்கள் தூங்கினாலும் சர்வர் தூங்காது. புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒரு கட்டடம் சில நிமிடங்களில் முடியும். கொஞ்சம் உட்காரலாம், இன்னொன்று போடலாம் என்று அரை மணி நேரம் ஓடிவிடும். பிறகு ஒவ்வொரு நிலைக்கும் நேரம் பெருக்கல் கணக்கில் ஏறும். உதாரணத்துக்கு, முதல் நிலை 10 நிமிடம், ஒவ்வொரு நிலைக்கும் ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நிலைக்கு 50 நிமிடம், பத்தாம் நிலைக்கு 6 மணி 24 நிமிடம். அதற்குள் உங்களிடம் ஒரு கிராமத்துக்குப் பதில் பத்துக் கிராமம் இருக்கும். ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் முடியும். ஆக, உட்கார்ந்து ஆடும் நேரம் குறைந்துகொண்டே வரும், எட்டிப் பார்க்கும் தடவைகள் கூடிக்கொண்டே போகும். நேரம் குறைவாகத்தானே ஆகிறது என்று உங்களுக்குத் தோன்றுவது இதனால்தான்.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். கட்டடம் முடிய 14 நிமிடம் இருக்கும்போது ஒரு தடவை பார்ப்பீர்கள், 6 நிமிடத்தில் ஒரு தடவை, 2 நிமிடத்தில் ஒரு தடவை. ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957இல் வெளியிட்ட புறா ஆய்வுகளில் இதே நடத்தை பதிவாகியிருக்கிறது. ஒரு பட்டனைக் கொத்தினால் குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒருமுறைதான் தீனி கிடைக்கும் என்றால், தின்றவுடன் புறா சும்மா இருக்கும். நேரம் நெருங்க நெருங்கக் கொத்துவது வேகமாகும். டைமர் உள்ள எந்த ஆட்டமும் மனிதர்களிடமும் இந்த வேலையைத்தான் செய்கிறது. கொள்ளைக்கு அனுப்பிய படை எவ்வளவு கொண்டுவரும் என்று தெரியாத ஆவல் அதற்கு மேல் வேறு.

பில் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்கு மாறினால் மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதினார். 10.15க்கு ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு 10.20க்குப் பில் போட்டால், அந்தப் பில்லுக்கு முழு மனம் கிடைப்பதில்லை. 1 பெட்டி 10 ஆனது அங்கேதான் இருக்கும். மருந்துக் கடையில் அந்தச் சுழியம் பெட்டிக் கணக்கில் விழுந்தது உங்கள் நல்ல நேரம். மருந்தின் மில்லிகிராமில் விழுந்திருந்தால் என்ன ஆகும் என்பது எனக்கு மேல் உங்களுக்குத் தெரியும்.

இனி அந்த 2.30 அலாரம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது இதுதான்.

மத்திய ஐரோப்பாவில் இரவு 10 மணி ஆகும்போது நமக்குக் கோடையில் அதிகாலை 1.30, குளிர்காலத்தில் 2.30. அவர்கள் வேலை முடித்து, சாப்பிட்டு, நிதானமாக உட்கார்ந்து படையை அனுப்பும் நேரம் உங்களுடைய நடுநிசி. நீங்கள் இரவு 11.30க்குப் படுத்து 6.15க்கு எழுகிறீர்கள். நடுவில் இரண்டு அலாரம். ஒவ்வொரு தடவையும் மறுபடி கண் அசர 15, 20 நிமிடமாவது ஆகும் என்றால் மிஞ்சுவது ஆறு மணி நேரம், அதுவும் மூன்று துண்டாக. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முதல் பகுதியில் வருவது. அது உங்களுக்கு ஓரளவு கிடைத்துவிடுகிறது. கனவு காணும் தூக்கம் விடியலை ஒட்டித்தான் அதிகம். அதை 5 மணி அலாரம் நறுக்கிவிடுகிறது. மன உணர்வுகளைப் பதப்படுத்துவதில் அந்தத் தூக்கத்துக்குப் பங்கு உண்டு. காலையில் காரணமில்லாமல் எரிச்சல் வருகிறதா என்று உங்கள் மனைவியிடம் கேட்டுப் பாருங்கள், அவர் சொல்வார். கடலூர் முதுநகரில் விடியுமுன் படகெடுக்கும் மீனவர்களும் எழுகிறார்கள்தான். ஆனால் அவர்கள் ஊர் அடங்குவதற்கு முன்பே படுத்துவிடுகிறவர்கள். அவர்கள் தூக்கத்தின் நேரம்தான் மாறியிருக்கிறது. உங்களுடையது உடைந்திருக்கிறது.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்ல வேண்டும். மனைவி பண்ருட்டிக்குப் போயிருந்தபோது ஆரம்பித்ததாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தின் முக்கியமான வரி அதுதான் என்று எனக்குப் படுகிறது. பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போனால், இங்கே அந்த மாதங்களில் புருஷனை யாரும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருவார், மற்ற நாளெல்லாம் பூட்டிய வீட்டைத் திறந்து விளக்குப் போட்டு, கடைச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பார். அப்பாவாகப் போகிற பயம் இருக்கும், சொல்ல ஆள் இருக்காது. அந்த இரவுகளில் உங்களுக்கு ஒரு கூட்டணி கிடைத்தது. "டிஃபென்ஸ் சூப்பர்" என்று சொல்ல நாற்பது பேர் கிடைத்தார்கள். அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஆனால் அந்தப் பழக்கம் ஆள் இல்லாத வீட்டுக்காக அமைந்தது. 2.30க்கு எழுந்து வெளிச்சத்தைப் போட்டால் அப்போது யாருக்கும் தொந்தரவு இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது, அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு நேர அட்டவணை ஓடிக்கொண்டிருந்தது. அதில் அவருக்கும் குழந்தைக்கும் இடம் போடவில்லை. இதை அவரிடம் இப்படியே சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால், அந்த மாதங்கள் எப்படி இருந்தன என்று சொல்லுங்கள். அவருக்கும் தெரியாமல் இருக்கும்.

துரோகம் என்ற வார்த்தைக்கும் பதில் சொல்ல வேண்டும். "வெறும் கேம்தானே, தூக்கிப் போடு" என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பக்கம் இருக்கும் நாற்பது பேரும் நிஜ மனிதர்கள். சொல்லாமல் மறைந்து போனால் அவர்களுக்குக் கஷ்டம்தான். அதற்காகப் பொறுப்பைச் சுமந்தே ஆக வேண்டும் என்று இல்லை. முறையாகக் கைமாற்றிவிட்டு வரலாம். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவர் பாதியில் கிளம்ப வேண்டுமென்றால் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போக மாட்டார். பக்கத்தில் நிற்பவர் கையில் கொடுத்துவிட்டுப் போவார். இன்றைக்கே உங்கள் தலைவருக்கு இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: "வீட்டில் கைக்குழந்தை இருக்கிறாள், இரவில் என்னால் இனி வர முடியாது. வரும் ஞாயிறு வரை டிஃபென்ஸ் பொறுப்பில் இருப்பேன். அதற்குள் யாரிடம் கொடுப்பது என்று சொல்லுங்கள், எல்லா விவரத்தையும் அவருக்கு எழுதித் தருகிறேன். அதன்பிறகு தானியமும் படையும் அனுப்பி உதவுவேன்." காரணத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அந்த நாற்பதில் குழந்தை பெற்றவர் நீங்கள் ஒருவர் மட்டுமாக இருக்க மாட்டீர்கள்.

கைமாற்றிய பிறகு உங்கள் கணக்கை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளே போக வேண்டும் என்பதை ஆட்டம் முடிவு செய்வதாக நினைக்கிறீர்கள். அதை முடிவு செய்வது உங்கள் கிடங்கு. மணிக்கு 2,000 உற்பத்தி, கிடங்கின் கொள்ளளவு 8,000 என்றால் நாலு மணி நேரத்தில் நிரம்பி வழியும். வீணாகிறதே என்ற பதைப்பில் ஓடிப் பார்ப்பீர்கள். அதே கிடங்கை 20,000க்கு உயர்த்திவிட்டால் பத்து மணி நேரம் கவலையில்லை. ஆகவே அடுத்த இரண்டு வாரம் புதுப் படை வேண்டாம். எல்லாக் கிராமத்திலும் கிடங்கையும் தானியக் களஞ்சியத்தையும் பெரிதாக்குங்கள். படை தின்னும் தானியம் விளைச்சலைவிட அதிகமாக இருந்தால் பட்டினியில் படை சாகும், அந்தப் பயமே உங்களை எழுப்பும். உபரிப் படையைக் கூட்டாளிக்கு உதவியாக அனுப்பிவிடுங்கள். சில ஆட்டங்களில் அங்கே போன பிறகு அவர்கள் தானியத்தைத்தான் தின்னும். எட்டு, பத்து மணி நேரம் பிடிக்கும் கட்டடத்தை இரவு கடைசியாகப் போடுங்கள், அது தூங்கும் நேரத்தில் ஓடட்டும். உங்கள் கணக்கை இன்னொருவர் பார்த்துக்கொள்ள அனுமதிக்கும் சிட்டர் வசதி அதில் இருந்தால், ஐரோப்பாவிலோ வேறெங்கோ அந்த நேரத்தில் விழித்திருக்கும் ஒருவரை அமர்த்துங்கள். பாஸ்வேர்டை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

காசு கொடுத்து, அடுத்தடுத்த கட்டடங்களை முன்கூட்டியே வரிசையில் போட்டுவைக்கும் வசதியை வாங்குவதாக ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். நேரத்தை இறுக்கிவிட்டு, தளர்த்துவதற்குக் காசு கேட்பதுதான் அந்த வசதி. இந்த இரண்டு மாதமும் வாங்காதீர்கள்.

பத்தொன்பதை மூன்றாக்க வேண்டும். காலைப் பேருந்து, மாலைப் பேருந்து, இரவு 9 மணி. கடலூர்–பாண்டி பேருந்தில் உங்களுக்கு எப்படியும் முக்கால் மணிக்கு மேல் போகிறது. அந்த நேரத்தில் யாரும் உங்களை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை, நிம்மதியாக ஆடுங்கள். அரியாங்குப்பம் வந்ததும் போனைப் பையில் போட்டுவிடுங்கள். மாலையில் கடலூர் பேருந்து நிலையத்தில் இறங்குவதற்கு முன்பே மூடிவிடுங்கள். இரவு 9 மணிக்கு வீட்டில் எல்லோர் முன்னாலும், மேசையில் உட்கார்ந்து இருபது நிமிடம். கழிவறையில் ஒளிந்து பார்க்கும் ஐந்து நிமிடத்தைவிட அது மரியாதையான ஆட்டம். மொத்தக் கணக்கு இப்போதும் ஒன்றரை மணி நேரத்துக்குப் பக்கத்தில்தான் வரும். நிமிடங்களைக் குறைக்கச் சொல்லி நான் உங்களைக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மற்ற பதினாறு தடவையைத்தான் கேட்கிறேன்.

அலாரத்துக்கு நூறு, இருநூறு ரூபாயில் ஒரு டைம்பீஸ் வாங்கிக்கொள்ளுங்கள். போன் கூடத்தில் சார்ஜில் இருக்கட்டும். அறிவிப்புகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். முதல் வாரம் அலாரம் இல்லாமலே 2.30க்கு முழிப்பு வரும். உடம்பு பழகிவிட்டது, பயப்பட வேண்டாம். அந்த முழிப்பை வீணாக்காதீர்கள். குழந்தை சிணுங்கினால் நீங்கள் தூக்குங்கள். பாலுக்கு அழுதால் மனைவியிடம் கொடுங்கள். குடித்த பிறகு வாங்கித் தோளில் போட்டு முதுகைத் தட்டி, ஏப்பம் விடவைத்துப் படுக்கவையுங்கள். இருபது நிமிட வேலை. அந்த இருபது நிமிடம் உங்கள் மனைவிக்கு எவ்வளவு பெரியது என்று இரண்டு நாளில் அவர் முகத்தில் தெரியும்.

நஷ்டமே இல்லாமல் இது நடக்காது. உங்கள் தரவரிசை இறங்கும். ஒரு கிராமமோ இரண்டோ போகும். எட்டு மாத உழைப்பு கண் முன்னால் சரிவதைப் பார்க்க வயிற்றைப் பிசையும், முதல் பத்து நாள் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். அப்படி ஆனால் உங்களிடம் ஏதோ கோளாறு என்று எண்ண வேண்டாம்.

அடிமையா என்று கேட்டீர்கள். கடிதத்தை வைத்து அதை யாரும் சொல்லக்கூடாது, நானும் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறு என்பதை ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் எத்தனை மணி நேரம் என்ற அளவே கிடையாது. ஆட்டத்தின் மேல் கட்டுப்பாடு போய்விட்டதா, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அது வந்துவிட்டதா, கெடுதல் நடப்பது தெரிந்தும் தொடர்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். அதுவும் பொதுவாகப் பன்னிரண்டு மாத அளவில், வாழ்க்கை கணிசமாகப் பாதிக்கப்படும் நிலையில். உங்களிடம் மூன்றின் சாயலும் இருக்கிறது. ஆனால் நீங்களே பட்டியல் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள், மறைக்கவில்லை. கட்டுப்பாடு முழுக்கப் போனவர் செய்வதில்லை இது.

மேலே சொன்னதை மூன்று வாரம் உண்மையாக முயன்று பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றிவைத்தும் திரும்பத் திரும்பத் திறக்கிறீர்கள், அதைப் பற்றிப் பொய் சொல்லத் தொடங்கிவிட்டீர்கள், அல்லது ஆட்டம் இல்லாத நேரத்தில் எதிலும் பிடிப்பில்லாமல் மனம் கனக்கிறது என்றால், தாமதிக்காமல் ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். பாண்டியிலேயே ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் டெலி-மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014இலிருந்து இதற்கென்றே ஷட் என்ற தனிக் கிளினிக் நடத்துகிறார்கள். மன அழுத்தம் முதலில் வந்து, ஆட்டம் அதன் மேல் படர்ந்த கதைகளையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தத் தனிமை மாதங்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

ரவுண்டு முடிந்ததும் அடுத்த சர்வர் திறக்கும், கூட்டாளிகள் கூப்பிடுவார்கள். குழந்தைக்கு ஒரு வயது முடியும் வரை பதிவு செய்யாதீர்கள். அதற்குப் பிறகு ஆசை இருந்தால், எதிரிகளும் நம் நேரத்திலேயே தூங்கும் சர்வராகப் பார்த்து, பொறுப்பு எதுவும் ஏற்காமல் சேருங்கள்.

இந்தப் பதிலை உங்கள் மனைவியிடம் படிக்கக் கொடுங்கள். மூன்று நேரங்களை நான் சொல்லிவிட்டேன், ஆனால் அந்த வீட்டின் மாலை எப்படி ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. 9 மணிக்குக் குழந்தையைத் தூங்கவைக்க வேண்டியிருந்தால் 9.30க்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதை அவர் சொல்லட்டும்.